மலையேறிய ஆடிப்பட்டம்

எனக்கு வயது எழுபத்தொன்பது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். செடிகொடிகளில் எத்தனை வளர்த்தாய் என்று கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வேன். எத்தனை சாகடித்தாய் என்று கேட்டால், எனக்கு அந்தப் பக்கத்துக் காது கொஞ்சம் மந்தம்.

நீலகிரி மலையில், நடுவட்டத்தில் எங்கள் வீட்டு வேலியைத் தாண்டிப் போகிறவர்கள் யாரும் சும்மா போவதில்லை. நின்று, எட்டிப் பார்த்து, "கைராசிங்க உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எனக்குக் கோபம்தான் வரும். ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவளைப் பார்த்து யாராவது "உங்களுக்குப் பிள்ளைராசி" என்று சொல்வார்களா? ராசியும் இல்லை, மருந்தும் இல்லை. தோட்டம் போடுகிற எல்லாரும் செய்கிற தப்புகளை நான் கொஞ்சம் முன்னாலேயே செய்து முடித்துவிட்டேன், அவ்வளவுதான். அதைச் சொல்லலாம் என்று தோன்றியது. எனக்குக் கையெழுத்துப் போட வரும். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கூடலூர் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் நான் சொல்கிறேன், மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தாராபுரத்துப் பக்கம். வானம் பார்த்த பூமி. முகம் கழுவின தண்ணீர் வாழைக்குப் போகும், அரிசி கழுவின தண்ணீர் மாட்டுக்குப் போகும். ஒரு செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் கோயிலுக்கு விளக்குப் போட்ட புண்ணியம் என்று சொல்லி வளர்த்தார்கள். என் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு எஸ்டேட்டின் டீ ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை. கல்யாணமான ஐப்பசியிலேயே என்னை மலைக்குக் கூட்டி வந்துவிட்டார். எஸ்டேட் கொடுத்த வீடு, தகரக் கூரை, இரண்டு அறை. பின்னால் பொடக்காளி. அதாவது கொல்லைப்புறம். அது சமமாக இருக்காது; வீட்டின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தது மாதிரி சரிவாக இறங்கும்.

அந்தப் பொடக்காளியின் மேல் மூலையில் ஊற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக ராத்திரி பகல் இல்லாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. பிடிக்க ஆளில்லை, குடமில்லை, வரிசையில்லை. எனக்கு நெஞ்சு பதறிப்போனது.

"ஏனுங்க, அதை மூடறக்கு ஆளில்லீங்களா?" என்று கேட்டேன்.

"மூடறக்கு அதுல திருகே இல்ல அம்மிணி" என்றார் அவர்.

திருகு இல்லாத தண்ணீரைப் பார்த்த தாராபுரத்துக்காரி என்ன செய்வாள்? ஊற்றினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கத்திரி விதை, அவரை விதை, வெண்டை விதை எல்லாவற்றையும் போட்டு, காலையில் ஊற்றினேன், உச்சிப்பொழுதில் ஊற்றினேன், பொழுதோடவும் ஊற்றினேன். மழை தூறும்போதுகூட, கூரைக்கடியில் இருக்கும் செடிக்கு எட்டாதே என்று தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போய் ஊற்றினேன். முளைத்ததெல்லாம் மஞ்சளாகி, குனிந்து, அழுகிப் படுத்தது. படுக்கப் படுக்க, பாவம் தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன்.

சரிவுக்குக் கீழே, வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் கிளார்க்கின் வீடு. அவர் மனைவி கூடலூர்ப் பக்கத்துக்காரர். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சேச்சி என்று கூப்பிடுவேன். ஒருநாள் வேலிமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்.

"எந்தா மோளே இது? செடி நட்டதா, மீன் வளர்க்குந்நதா?"

"தண்ணி பத்தலீங்க சேச்சி, அதான் வாடுது."

"மதி மோளே, மதி! அதுக்கு நீந்தத் தெரியாது!"

மதி என்றால் அவர்கள் பாஷையில் போதும். எனக்கு அப்போது அது பொறாமைப் பேச்சாகத்தான் பட்டது. இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: ஊற்றுவதற்கு முன்னால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார். விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலையைப் பார். தாகத்தில் செத்த செடியைவிடத் தண்ணீரில் செத்த செடிதான் உலகத்தில் அதிகம். எல்லாம் பாசத்தில் செத்தவை.

நடுவதற்கு வெட்டின முருங்கைப் போத்து ஒன்றும் ஊரிலிருந்து வந்திருந்தது. பஸ்ஸில் அதற்கென்று தனியாக ஒரு சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு வந்த போத்து. அதை வாசலோரம் நட்டேன். ஊரில் முருங்கையை நட்டுவிட்டுத் திரும்பினால் துளிர்த்திருக்கும். இங்கே அது கைத்தடி மாதிரி நின்றது. என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நனைந்த தொப்பியை அதன்மேல் மாட்டுவார். "நல்ல மரம். காய் இல்லைன்னாலும் தொப்பி காய்க்குது" என்பார்.

மார்கழியில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் பொடக்காளி முழுக்க வெள்ளை வெளேரென்று உப்பு. மிச்சமிருந்த நாலு அவரைக் கொடியின்மேல் உப்பு. புல்லின்மேல் உப்பு. எங்கள் ஊரில் ஒருவர் வெள்ளாமை கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்தால் விதைத்த காட்டில் உப்பை இறைப்பார்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நேராக வேலிக்குப் போனேன்.

"சேச்சி! உப்புப் போட்டது ஆருன்னு எனக்குத் தெரியும்!"

அவர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "எந்து உப்பு?"

"இதா, இது!" என்று ஒரு கை அள்ளி நீட்டினேன். நீட்டுவதற்குள் அது கையில் தண்ணீராகிவிட்டது. இன்னொரு கை அள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பே இல்லை. பல் கூசியது.

சேச்சி சிரித்த சிரிப்பில் அவர் வீட்டுக் கோழிகள் சிதறின. "பனியாண் மோளே! என்றெ வீட்டிலும் உண்டு. வந்நு நோக்கு, ஆர் போட்டது எந்நு!"

பனி எனக்குத் தெரியாததா? எங்கள் ஊர்ப் பனி அவரைக்குத் தாய்ப்பால். பூ பிடிப்பதே அதில்தான். சொல் ஒன்றுதான், சரக்கு வேறு என்று எனக்கு யார் சொன்னார்கள்? வெயில் ஏறினதும் கொடி நெருப்பில் வாட்டினதுபோல் கருகியது. குளிரில் கருகுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். முருங்கைப் போத்தும் அன்றோடு முழுநேரத் தொப்பி மரமாகிவிட்டது. பிறகு தெரிந்துகொண்டேன், பனி இறங்கும் மாதங்களில் பொழுது சாய்வதற்குள் காட்டுப் பெரணி இலையைப் பறித்துவந்து பாத்தியைப் போர்த்த வேண்டும், காலையில் வெயில் வந்ததும் எடுக்க வேண்டும். எந்த ஊரில் தோட்டம் போடுகிறோமோ அந்த ஊர் விதையைப் போட வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. ஊர்ப்பாசம் வேறு, வெண்டைக்காய் வேறு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். மாமியார் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"பொடக்காளியில என்ன வெச்சிருக்கறே அம்மிணி?"

நான் சொம்பை எடுத்துக்கொண்டு பானைப் பக்கம் திரும்பினேன். என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தொப்பி காய்ச்சிருக்குது ஆத்தா" என்று சொல்லிவிட்டார்.

மாமியார் சிரிக்கவில்லை. அவர் வெள்ளாமைக் காட்டில் பிறந்து காட்டில் வளர்ந்தவர். சாமிக்கு அடுத்தபடி அவர் நம்பியது ஆடிப்பட்டத்தை. ஆடியில் விதைத்தால் எந்த மண்ணும் கொடுக்கும், கொடுக்காத மண் கெட்ட மண், அங்கே மனிதர் இருக்கக்கூடாது. அவர் சட்டம் அவ்வளவுதான்.

"ஒரு பயிரு நிக்காத மண்ணுல ஒரு குடும்பம் நிக்குமா?" என்றார். "ஆடிக்கு நானே வந்து பாக்கறேன். அதுக்குள்ள பொடக்காளியில ஏதாச்சும் ஒரு வெள்ளாமை நின்னுதுன்னா செரி. இல்லீன்னா நீ என்னோட எறங்கிரு. இவன் மெஸ்ஸுல தின்னுட்டு அங்கியே கெடக்கட்டும். மாசம் ஒருக்கா வருவான், போவான்."

சொன்னால் சொன்னதுதான். அந்த வீட்டில் எனக்கு முன்னால் மூன்று ஓரகத்திகள் இருந்தார்கள். நாலு மருமகளுக்கும் ஓர் அடுப்பு, ஓர் ஆட்டுக்கல், ஒரு மாமியார். மலையிலோ எனக்கென்று ஓர் அடுப்பு, எனக்கென்று ஒரு புருஷன், அவர் ஷிஃப்ட் முடிந்து வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து கருப்பட்டி போட்ட டீ குடிப்போம். இதையெல்லாம் ஒரு கத்திரிச்செடியை நம்பி விட வேண்டியதாகிவிட்டது.

மலைக்குத் திரும்பினதும் பேயாக உழைத்தேன். அவசரத்தில் செய்கிற உழைப்பைப் போல் தோட்டத்துக்கு வேறு கெடுதல் கிடையாது. சாணியை மட்கவிட்டுத்தான் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவசரத்துக்குத் தெரியாதே. தொழிலாளர் லைன் வீடுகளில் மாடு வைத்திருந்தவர்களிடம் பச்சைச் சாணியைக் கூடைகூடையாக வாங்கிவந்து கொட்டினேன். முட்டைக்கோஸ் நாற்று வெந்துபோனது. டீச்சக்கை நல்ல உரம் என்று யாரோ சொன்னார்கள். நல்ல உரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. கருப்பட்டியோடு கொதித்த சக்கையை அலசாமல் போட்டால் எறும்புக்கு விருந்து. எஸ்டேட்டில் இருந்த எறும்பெல்லாம் உற்றார் உறவினரோடு வந்து இறங்கியது.

உருளைக்கிழங்கு நட்டேன். அது மண்ணுக்குள் காய்க்கும் என்றார்கள். காய்த்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாலு நாளைக்கு ஒருமுறை தோண்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பி "வளந்துட்டியா?" என்று கேட்பது மாதிரி. அது வளருமா?

சேச்சியும் தப்பே செய்யாதவர் என்று நினைக்க வேண்டாம். மீன் தலையைப் புதைத்தால் ரோஜா தலை தலையாகப் பூக்கும் என்று, ஒரு வாரத்து மத்தி மீன் தலையை முழுக்க ரோஜாவடியில் மேலாகப் புதைத்து வைத்தார். காலையில் பார்த்தால் காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போயிருந்தது. ரோஜா வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அன்றைக்கு வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றது நான்.

"எந்தா சேச்சி, செடி நட்டதா, பன்னி வளர்க்குந்நதா?"

"போடி!" என்றார். அன்றிலிருந்து நாங்கள் நெருங்கிப்போனோம்.

வைகாசியில் அவர்தான் ஒரு காகிதப் பொட்டலத்தில் கேரட் விதை கொடுத்தார். சீரகத்தைவிடச் சின்னதாக இருந்தது. கேரட்டைச் சந்தையில் பார்த்திருக்கிறேன், அதன் இலையைப் பார்த்ததில்லை. ஒரு பாத்தி கொத்தி, விதையைத் தூவிவிட்டு வரும்போது, ஈரப் படிக்கட்டில் சறுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன். வீங்கி, கட்டுப்போட்டு, எட்டு வைக்க முடியாமல் படுத்திருந்தேன்.

"பாத்திக்கு மூணு வேளையும் தண்ணி ஊத்திருங்க" என்று இவரிடம் சொல்லியிருந்தேன். தினமும் கேட்பேன். தினமும் "ஊத்தியாச்சு" என்பார். நான் நொண்டிக்கொண்டே எழுந்து போய்ப் பார்த்த அன்றைக்கு, பாத்தி முழுக்கப் பச்சைப் பசேலென்று கேரட். மெல்லிசு மெல்லிசாக, சீவிவிட்ட தலைமுடி மாதிரி. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

"எப்பிடிங்க இவ்வளவு நல்லா வந்துது?"

இவர் தலையைச் சொறிந்தார். "நெசமாச் சொல்லோணும்னா அம்மிணி, ஒருநாளுகூட ஊத்தல. மறந்துபோச்சு."

இந்த மலையில் எங்கள் வீட்டில் முதன்முதலில் பயிரை நிற்கவைத்தது என் வீட்டுக்காரருடைய மறதி. அதை நான் இன்றைக்கு வரைக்கும் அவரிடம் பாராட்டிச் சொன்னதில்லை. சொன்னால் மற்றதற்கும் பழகிக்கொள்வார்.

ஆனி கடைசியில் மாமியார் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிமூட்டை, அதில் ஆடிப்பட்டத்துக்கு விதைகள். நல்ல மழை. இருட்டிவிட்டதால் பாத்தியைக் காட்ட முடியவில்லை. காலையில் முதல் வேலையாகக் காட்ட வேண்டும், காட்டினதும் என் அடுப்பு எனக்கு என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

ஆனால் அவர் எனக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். நான் பல் விளக்கிக்கொண்டு பின்பக்கம் போனால், முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு, முழங்கை வரைக்கும் சேறாக நிற்கிறார்.

"ஏம்புள்ளே, இது பொடக்காளியா, பொதக்காடா? நல்லாச் சுத்தமாப் புடுங்கிப்போட்டேன் போ. ஒரு களை உட்டு வெக்கல. அந்தக் கீரைய மட்டும் உட்டிருக்கறேன், கடைஞ்சா நல்லாருக்கும்."

பாத்தி மொட்டையாக இருந்தது. கேரட் முழுக்க ஓரத்தில் குவியலாகக் கிடந்தது. கீரை என்று அவர் விட்டுவைத்திருந்தது, லைன் வீட்டு மாடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் ஒரு களை.

நான் என்னவென்று சொல்வது? மாமியாரிடம் "நீங்க தப்புப் பண்ணிட்டீங்க" என்று சொல்லும் வழக்கம் அப்போது கிடையாது. வாயில் இருந்த பற்பொடியைத் துப்பினேன். அந்த நேரத்துக்கு ராத்திரி ஷிஃப்ட் முடிந்து இவர் வந்தார்.

"கேரட்டெல்லாம் எங்க?"

"எது கேரட்டு?" என்றார் மாமியார்.

இவர் குவியலில் இருந்து ஒன்றை எடுத்து ஆட்டிக் காட்டினார். இலைக்கு அடியில் எலிவால் மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு நுனி. மாமியார் அதை வாங்கினார். சேற்றைத் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"கொத்தமல்லியாட்ட இருந்துது" என்றார் மாமியார் மெதுவாக. "மோந்து பாத்தேன். கொத்தமல்லி வாசம் இல்ல. வாசமில்லாத கொத்தமல்லி களைதானே?"

நான் குவியலில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டேன். "அப்ப நான் உங்களோட எறங்கோணுங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் யோசித்தார். அநியாயம் பேசுகிறவர் இல்லை. "நிக்கற பயிரு ஒன்னும் காணோம். ஆனாப் புடுங்குனது நானு. அதனால வழக்கு பாதி பாதி. நாளைக்கு ஆடி பொறக்குது. என்ற கையால நானே வெதைக்கறேன். மொளைச்சு நின்னுதுன்னா இது நல்ல மண்ணு, நீ இரு. இல்லீன்னா ரண்டு பேரும் பஸ் ஏறிரலாம்."

ஆடி மாதம் நடுவட்டத்தில் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். வானம் பக்கவாட்டில் பெய்யும். துணி காயாது, விறகு எரியாது, பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாது. அந்த மழையில் என் மாமியார், மகனின் ஃபேக்டரி ஸ்வெட்டரைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, ஆடிப்பட்டம் போட்டார். போட்டதும் இல்லாமல், மேலிருந்து கீழாக நேராக ஒரு வாய்க்கால் வெட்டினார்.

"எதுக்குங்க அத்தை வாய்க்கால்?"

"பயிருக்குத் தண்ணி பாய வேண்டாமா?"

தண்ணீர் பாய்ந்தது. அந்த வாரத்துக்குள் அவரை, தட்டப்பயறு, மேல்மண், மண்ணுக்கடியில் இருந்த என் உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு அந்த வாய்க்கால் வழியாகவே வேலிக்குக் கீழே இறங்கிப் போனது. சரிவான நிலத்தில் பாத்தியைக் குறுக்கேதான் போட வேண்டும், படிக்கட்டு மாதிரி. நெட்டுக்குப் போட்டால் மழைக்கு நாமே ரோடு போட்டுக் கொடுத்ததாகிவிடும். மாமியார் மறுபடி விதைத்தார். மறுபடி போனது. ஒவ்வொரு காலையும் அவர் எழுவதற்கு முன்னால் நான் பின்கதவுக்கு ஓடி, ஒரு முளையாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். அவர் விதை முளைக்க வேண்டும் என்று அவரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டது நான்தான்.

முளைத்தது. ஆனால் எங்கள் பொடக்காளியில் இல்லை. சேச்சி வீட்டு விறகுக் கொட்டகைக்கு ஓரமாக, கூரை மறைவில், எங்கள் மேல்மண் போய் ஒதுங்கின இடத்தில் பத்துப் பதினைந்து அவரைக் கன்று ஜம்மென்று தலைதூக்கியது. மாமியார் வேலிக்குப் போய்விட்டார்.

"அது என்ற அவரை."

"என்றெ மண்ணில் முளச்சது என்றெ!" என்றார் சேச்சி.

"வெதை என்றது!"

"மண்ணு என்றெது!"

ஒருவர் பேச்சு ஒருவருக்குப் பாதிதான் புரியும். இரண்டு பேர் பாஷையிலும் ஒத்துப்போன ஒரே சொல், என்னுடையது என்கிற அந்த 'என்ற'தான், அதற்குத்தான் சண்டை. நான் நடுவில் புகுந்து, "எங்கியோ ஒரு பக்கம் மொளைச்சுதுங்களே அத்தை, இந்த மலையிலதானுங்களே மொளைச்சுது" என்று என் வழக்கைச் சொல்லிப் பார்த்தேன்.

"ஊரான் ஊட்டுத் தொட்டில்ல கெடக்கற புள்ளைய என்ற புள்ளைன்னு கொஞ்ச முடியுமா? இது கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டார். அந்த அவரையும் பிறகு குளிரில் குறண்டி, பூக்காமலேயே நின்றுவிட்டது. சேச்சிக்கும் லாபமில்லை.

ஆடி முடிந்தது. பெட்டியைக் கட்டு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆவணி பிறந்தது. அப்போதும் சொல்லவில்லை. ஒருநாள் இவர்தான் மெதுவாகக் கேட்டார். "ஆத்தா, ஊர்ல ஆடு மாட்டையெல்லாம் ஆரு பாக்கறாங்க?"

"மூணு பேரு இருக்கறாளுக, பாப்பாளுக. தோத்துப்போயி எறங்கச் சொல்றியா என்னை? ஆடிப்பட்டம் என்னாச்சுன்னு எவளாச்சும் கேட்டா என்ன சொல்றது? தண்ணி கொண்டுபோச்சுன்னா? நம்மூர்ல சொன்னா நம்புவாளா?"

எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. என்னைக் கூட்டிப்போக வந்தவரை இந்த மண் பிடித்துவைத்துக்கொண்டது. ஆனாலும் என் வழக்கு தீரவில்லை. அவர் பயிர் நிற்காத வரைக்கும் எனக்கு இந்த வீடு நிச்சயமில்லை.

மழை கொஞ்சம் ஓய்ந்தது. ஆடிப்பட்டத்தை விட்டுவிட்டுக் கேரட்டே போடுவது என்று மாமியார் முடிவு செய்தார்; விதை வேண்டும். சேச்சியிடம்தான் இருக்கிறது. என்னை அனுப்பினார். "அம்மை வந்நு கேட்டால் தராம்" என்று சேச்சி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். மாமியார் போனார். போய் வேலியோரம் நின்று, கேட்கவில்லை. வானத்தைப் பார்த்து, "மழை உட்டிருச்சாட்ட இருக்குது" என்றார். சேச்சியும் வானத்தைப் பார்த்து, "விட்டு, விட்டு" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்தார்கள். பிறகு சேச்சி உள்ளே போய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வேலிமேல் வைத்தார். மாமியார் மடியிலிருந்து ஊர்க் கருப்பட்டி ஒன்றை எடுத்து அதே இடத்தில் வைத்தார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதாகக் கணக்கில்லை.

இந்தத் தடவை பாத்தி குறுக்கே போட்டோம். நெட்டுக்குப் போட இடமே இல்லை, வாய்க்கால் பள்ளமாகிவிட்டிருந்தது. மாமியார் கை சொம்பைத் தேடும். நான் சேச்சி மாதிரி "மதி அத்தை, மதி" என்பேன். "என்னடி மதி, சூரியன்?" என்று திட்டிவிட்டுச் சொம்பை வைத்துவிடுவார். முளைத்து விரல் உயரம் வந்ததும், நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கி இடைவெளி விட வேண்டும் என்று சேச்சி சொன்னார். அங்கேதான் மாமியார் மசியவே இல்லை.

"ஒருக்கா புடுங்குனதே போதும். இனி இந்தப் பாத்தியில நான் ஒன்னுத்தையும் புடுங்க மாட்டேன்."

கார்த்திகையில் தோண்டினோம். இடைவெளி விடாமல் நெருக்கி வளர்ந்த கேரட் எப்படி இருக்கும்? ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டு கால், மூன்று கால், சிலது சப்பணம் போட்டு உட்கார்ந்த மாதிரி. நேராக ஒன்றுகூட இல்லை. மாமியார் ஒன்றைக் கழுவிக் கடித்து, மென்று, "மண்ணாட்டத்தான் இருக்குது" என்றார். பிறகு இன்னொன்றை எடுத்துக்கொண்டார். அழகான முடிச்சுக் கேரட்டாகப் பார்த்துப் பொறுக்கி, விதை கொண்டுவந்த அதே துணியில் மூட்டை கட்டினார். மூன்று மருமகள்களுக்கும் காட்ட வேண்டுமாம்.

மறுநாள் காலை மாமியாருக்குப் பஸ். என்னை இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கோணல் கேரட்டைப் பயிர் என்று ஒத்துக்கொள்வாரா, மாட்டாரா? தகரப்பெட்டியில் சேலையை மடித்து வைத்து, கதவோரம் கொண்டுவந்து வைத்தேன். இவர் அதைப் பார்த்துவிட்டு பீடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாமியார் மூட்டையைத் தலையில் வைக்கப் போனவர் நின்றார்.

"இதென்ன பொட்டி?"

"உங்களோட எறங்கறக்குத்தானுங்க அத்தை."

"உனக்கென்ன கிறுக்கா?" என்றார். "மேக்காலப் பாத்தியில இன்னும் பாதி மண்ணுக்குள்ள நிக்குது. பனி வேற எறங்கப்போகுதுங்கறாங்க. என்ற வெள்ளாமைய உட்டுப்போட்டு நீ எங்க வாரே?"

நான் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். வைத்த வேகத்தில் அதன் பூட்டு உடைந்தது, அதைச் சரிபண்ண இன்றைக்கு வரைக்கும் அவசியம் வரவில்லை. திரும்பி வந்தபோது அவர் பஸ் நிறுத்தத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மூட்டையை வாங்கிக்கொண்டேன்.

"அப்ப மண்ணு நல்ல மண்ணுதானுங்களா அத்தை?"

"மண்ணுல ஒரு குத்தமும் இல்ல" என்றார், மூச்சு வாங்க. "இங்கத்த மழைக்குத்தான் மாசந் தெரியல."

அவ்வளவுதான் கண்ணு. எழுதினது போதும், இனி முதலிலிருந்து படி, கேட்கிறேன். வேகமாகப் படிக்காதே. அத்தை பேசுகிற இடம் வந்தால் கொஞ்சம் குரலை உயர்த்திப் படி. அவர் மெதுவாகப் பேசினால் யாருக்கும் அடையாளம் தெரியாது.